வெண்பா எளிது, விளம்பரம் கடினமா?

ஆல்டஸ் ஹக்ஸ்லியை நம்மில் பலருக்கு 'பிரேவ் நியூ வேர்ல்ட்' எழுதியவராகத்தான் தெரியும். அந்த நாவல் வந்தது 1932இல். அதற்கு ஒன்பது வருஷம் முன்னால், 1923இல், 'ஆன் த மார்ஜின்' என்று ஒரு கட்டுரைத் தொகுப்பு போட்டார். அதில் விளம்பரத்தைப் பற்றிச் சின்னதாக ஒரு கட்டுரை உண்டு. இலக்கிய வடிவங்களிலேயே மிகக் கடினமானது விளம்பரம்தான் என்பது அதன் வாதம். ஓரளவு தேறக்கூடிய சானட்டுகள் பத்து எழுதிவிடலாம், ஆனால் ஆயிரக்கணக்கான பேரை வாங்க வைக்கிற ஒரே ஒரு விளம்பரத்தை எழுதுவது அதைவிடக் கஷ்டம் என்கிறார். கவிதை எழுதுகிறவன் தன்னைப் பற்றி மட்டும் யோசித்தால் போதும். வாசகனுக்குப் புரியவில்லை என்றால் அது வாசகன் பாடு. விளம்பரம் எழுதுகிறவனுக்கு அந்தச் சொகுசு கிடையாது.

பாதி கிண்டலாக எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனாலும் விளம்பரத் துறைக்காரர்கள் நூறு வருஷமாக இதைச் சான்றிதழ் மாதிரி மாட்டி வைத்திருக்கிறார்கள். இது எவ்வளவு தூரம் உண்மை என்று கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் ஒரு ஆட்சேபணை. ஹக்ஸ்லியின் ஒப்பீட்டில் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒரு தட்டில் 'ஓரளவு தேறும்' சானட், மறு தட்டில் 'வேலை செய்யும்' விளம்பரம். இது என்ன நியாயம்? ஓரளவு தேறும் விளம்பரங்கள் எந்த நாளிதழைப் பிரித்தாலும் கொட்டிக் கிடக்கின்றன. வேலை செய்யும் கவிதைகள் ஒரு நூற்றாண்டில் எத்தனை வந்துவிடும்? தேறுவதைத் தேறுவதோடும் சிறந்ததைச் சிறந்ததோடும் வைத்துப் பார்த்தால் ஹக்ஸ்லியின் வாதம் பாதி கரைந்துபோகும்.

இதற்கு நேர் எதிரான சாட்சியும் இருக்கிறது. ஈட்டன் பள்ளியில் ஹக்ஸ்லி கொஞ்ச காலம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். அங்கே அவரிடம் படித்தவர்களில் ஒருவர் பின்னாளில் ஜார்ஜ் ஆர்வெல் ஆனார். ஆர்வெல் 1936இல் எழுதிய 'கீப் தி ஆஸ்பிடிஸ்ட்ரா ஃப்ளையிங்' நாவலின் நாயகன் கார்டன் காம்ஸ்டாக் ஒரு கவிஞன். விளம்பர வேலையை வெறுத்து உதறிவிட்டு, புத்தகக் கடையில் சொற்பச் சம்பளத்துக்கு உட்கார்ந்து ஒரு நெடுங்கவிதையோடு மல்லுக்கட்டுகிறான். கவிதை முடியவே மாட்டேன் என்கிறது. விளம்பர வாசகம் எழுதுவதோ அவனுக்குக் கை வந்த கலை. கடைசியில் கையெழுத்துப் பிரதியைச் சாக்கடையில் போட்டுவிட்டு விளம்பர நிறுவனத்துக்கே திரும்பி, கால் வியர்வை நாற்றத்துக்கு மருந்து விற்கும் வாசகம் எழுதுகிறான். வாத்தியாருக்குச் சானட் எளிது, விளம்பரம் கடினம். மாணவனின் கதாநாயகனுக்கு அப்படியே தலைகீழ்.

இரண்டு பேரும் சொல்வது சரியாக இருக்க முடியுமா? முடியும் என்று நினைக்கிறேன். 'கடினம்' என்கிற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. என் தொழில் பாஷையில் சொன்னால் சுலபமாக விளங்கும்.

கம்பைலரும் டெஸ்ட்டும்

நிரல் எழுதுகிறவர்களுக்கு இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று கம்பைலர். எழுதியது மொழியின் இலக்கணத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கும், அதோடு அதன் வேலை முடிந்தது. இன்னொன்று டெஸ்ட். எழுதியது நினைத்த வேலையைச் செய்கிறதா என்று பார்க்கும். கம்பைல் ஆகும், ஆனால் ஒரு மண்ணும் செய்யாது என்கிற நிரலை நாங்கள் தினம் பார்க்கிறோம்.

சானட்டுக்குப் பதிலாக வெண்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்பாவுக்கு கம்பைலர் உண்டு. இதை உவமையாகச் சொல்லவில்லை. அவலோகிதம் என்று ஒரு யாப்பு மென்பொருள் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் செய்யுளை அசை, சீர், தளை என்று பிரித்து, என்ன பா என்று சொல்லிவிடும். தளை தட்டினால் காட்டிக்கொடுக்கும். மென்பொருள் இல்லாத காலத்திலும் இதைப் புலவர்கள் விரல் விட்டு எண்ணிச் சரிபார்த்தார்கள். ஆனால் அந்த வெண்பா யார் மனதையாவது தொட்டதா என்பதற்கு டெஸ்ட் கிடையாது. நாலு பேர் தலையாட்டுவார்கள், ஒரு பத்திரிகை போடும், அவ்வளவுதான். அதனால்தான் தளை தட்டாத, உயிரும் இல்லாத வெண்பாக்களை ஒருவர் வாழ்நாள் முழுக்க எழுதிக்கொண்டே போகலாம். ஹக்ஸ்லி எளிது என்றது இதைத்தான்.

விளம்பரத்துக்கு கம்பைலர் கிடையாது. எத்தனை சீர், எங்கே மோனை, எதுவும் விதி இல்லை. ஆனால் இரக்கமே இல்லாத ஒரு டெஸ்ட் உண்டு. ஹக்ஸ்லியின் கட்டுரைத் தொகுப்பு வந்த அதே 1923இல் அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் என்கிற விளம்பரக்காரர் 'சயன்டிஃபிக் அட்வர்டைசிங்' என்ற சின்னப் புத்தகத்தை வெளியிட்டார். அவருடைய கருவி கூப்பன். விளம்பரத்தின் ஓரத்தில் வெட்டி அனுப்பும் ஒரு கட்டம் இருக்கும். ஒவ்வொரு விளம்பரத்தின் கூப்பனிலும் வேறு வேறு அடையாளக் குறி. எந்தத் தலைப்புக்கு எத்தனை கூப்பன் திரும்பி வந்தது என்று எண்ணினால் எது வேலை செய்தது என்று தெரிந்துவிடும். இன்றைக்கு வலைத்தளங்களில் இரண்டு தலைப்புகளைப் பாதிப் பாதிப் பேருக்குக் காட்டி எதை அதிகம் சொடுக்கினார்கள் என்று பார்க்கிறோமே, அதன் தாத்தா இது.

காம்ஸ்டாக்கின் கஷ்டமும் இப்போது புரிகிறது. அவன் கவிதைக்குக் கம்பைலர் மட்டும் போதவில்லை. உள்ளே ஒரு டெஸ்ட் வைத்திருந்தான். தன் கவிதை அதில் தோற்றுக்கொண்டே இருந்தது. டெஸ்ட் இல்லாத இடத்தில் நீங்களே ஒன்றை வைத்துக்கொண்டால், எந்த வடிவமும் கடினம்தான்.

கடிகாரச் சத்தம்

சரி, விளம்பரத்தின் டெஸ்டில் தேறியவர்கள் எப்படித் தேறினார்கள்? எல்லோரும் எடுத்துக்காட்டும் உதாரணம் டேவிட் ஓகில்வி. பாரிஸில் ஹோட்டல் சமையல்காரர், ஸ்காட்லாந்தில் வீடு வீடாக ஆகா அடுப்பு விற்றவர், அப்புறம் அமெரிக்காவில் கேலப்பின் கருத்துக் கணிப்பு நிறுவனத்தில் வேலை. 1948இல் நியூயார்க்கில் விளம்பர நிறுவனம் தொடங்கினார். 1958இல் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு அவர் எழுதிய விளம்பரத்தின் தலைப்பு உலகப் பிரசித்தம். மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது இந்தப் புதிய காரில் கேட்கும் ஆகப் பெரிய சத்தம் அதன் மின்கடிகாரத்தின் சத்தம்தான் என்பது அதன் சாரம்.

இந்த வாக்கியம் ஓகில்வியின் தலையில் உதித்ததில்லை. மூன்று வாரம் அந்தக் காரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் உட்கார்ந்து படித்தார். 'தி மோட்டார்' என்ற பிரிட்டிஷ் பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியர் எழுதிய சோதனை அறிக்கையில் அந்தச் செய்தி கிடந்தது. எடுத்துத் தலைப்பில் வைத்தார். கீழே அறுநூறுக்கும் மேற்பட்ட சொற்களில் வரிசையாகத் தகவல்கள். ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர் ஒருவர் தலைப்பைப் படித்துவிட்டு, அந்தக் கடிகாரத்தை ஏதாவது செய்தாக வேண்டும் என்று தலையை ஆட்டியதாக ஓகில்வியே எழுதியிருக்கிறார். பொறியாளர்கள் எங்கேயும் ஒரே ஜாதிதான்!

இதில் இன்னொரு சுவாரசியம். 1933இலேயே பியர்ஸ் ஆரோ என்ற அமெரிக்கக் கார் நிறுவனத்தின் விளம்பரத்தில் கிட்டத்தட்ட இதே தலைப்பு வந்துவிட்டது. அந்தக் காரில் கேட்கும் ஒரே சத்தம் மின்கடிகாரத்தின் டிக் டிக் மட்டுமே என்று. அதை இன்று யாருக்கும் நினைவில்லை. கம்பெனியே 1938இல் மூடப்பட்டது. பொருளாதார மந்த காலத்தில் சொகுசுக் கார் விற்றவர்களை எந்த வாசகமும் காப்பாற்றியிருக்காது, அது வேறு விஷயம். ஆனால் இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுத்தைப் பற்றி ஒரு பாடமே இருக்கிறது.

'இது மட்டுமே கேட்கும்' என்பது பெருமை. படித்தவுடன் மனசு, "ஆமா, சொல்லுவீங்க" என்கிறது. ஓடுகிற காரில் டயர் சத்தம் இல்லையா, காற்று இல்லையா? 'இருக்கிற சத்தங்களிலேயே பெரியது இது' என்பது அளவீடு. மற்றச் சத்தங்கள் இருக்கின்றன என்பதை அது ஒப்புக்கொள்கிறது. அதோடு 60 மைல் என்று ஓர் எண் வந்துவிட்டது. எந்த நிலைமையில் அளந்தது என்று தெரிகிறது. சொன்னது கார் விற்பவன் இல்லை, ஒரு பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியர் என்ற விவரமும் தலைப்புக்குக் கீழே இருக்கிறது. விஷயம் ஒன்றுதான். ஒன்று விளம்பரம் மாதிரி ஒலிக்கிறது, மற்றது சோதனை அறிக்கை மாதிரி ஒலிக்கிறது.

இதே குணத்தை ஃபோக்ஸ்வாகனின் 1960 விளம்பரத்திலும் பார்க்கலாம். டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனம் செய்தது. ஒரு காரின் படம், கீழே 'எலுமிச்சை' என்று ஒரே சொல். அமெரிக்கப் பேச்சில் எலுமிச்சை என்றால் தலையில் கட்டப்பட்ட ஓட்டை வண்டி. தன் காரைத் தானே சொத்தை என்று சொல்கிறானே என்று கீழே படித்தால், முன்பக்கச் சிறு பெட்டியின் குரோம் பட்டையில் ஒரு வடு இருந்ததாம், அதனால் அந்தக் காரை வெளியே விடவில்லையாம். வோல்ஃப்ஸ்பர்க் ஆலையில் ஒரு நாளைக்கு 3,000 கார் தயாராகிறது, சோதிப்பவர்கள் மட்டும் 3,389 பேர். கார்களைவிடச் சோதனைக்காரர்கள் அதிகம்! அந்த இரண்டு எண்களும் இல்லாமல் அந்தத் தலைப்பு வெறும் குறும்பாகப் போயிருக்கும்.

ஆக, இந்த இரண்டிலும் நாம் 'எழுத்துத் திறமை' என்று மெச்சுவதில் பெரும்பகுதி எழுதுவதற்கு முன்னால் நடந்திருக்கிறது. ஓகில்வி 1955இல் எழுதிய ஒரு கடிதத்தில், தான் மட்டமான விளம்பர எழுத்தாளன், ஆனால் நல்ல எடிட்டர் என்று சொல்லிக்கொள்கிறார். இது போலி அடக்கம் என்று நான் நினைக்கவில்லை. வேலை நடக்கிற இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

டெஸ்ட் எதைச் சோதிக்கிறது?

இங்கேயே நிறுத்தினால் இது விளம்பரத்துக்கு ஒரு விளம்பரமாகிவிடும். அதனால் ஹாப்கின்ஸிடம் திரும்பப் போவோம்.

மில்வாக்கியின் ஷ்லிட்ஸ் பீர் கம்பெனிக்கு அவர் எழுதிய கதை, 1927இல் வந்த அவருடைய சுயசரிதையில் இருக்கிறது. ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போனார். கண்ணாடி அறைகளுக்குள் வடிகட்டிய காற்றில் பீர் குளிர்வதைப் பார்த்தார். பாட்டில்களை இயந்திரம் நாலு தடவை கழுவுவதைப் பார்த்தார். பக்கத்திலேயே மிச்சிகன் ஏரி இருந்தும் தண்ணீருக்காக 4,000 அடி ஆழத்துக்குக் கிணறு தோண்டியிருப்பதைப் பார்த்தார். 1,200 பரிசோதனைகளுக்குப் பிறகு கிடைத்த தாய் ஈஸ்ட்டையும் காட்டினார்கள். இதையெல்லாம் ஏன் மக்களிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, எல்லா ஆலையிலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார்களாம். ஹாப்கின்ஸ் அதையே எழுதினார். ஐந்தாம் இடத்தில் இருந்த ஷ்லிட்ஸ் சில மாதங்களில் முதலிடத்துக்கு முட்டிக்கொண்டு நின்றது என்பது அவர் சொல்லும் கணக்கு.

விளம்பரப் பாடங்களில் இது மேதைமைக்கு உதாரணம். எனக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது. ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. மொத்தமாகப் படித்தவருக்கு ஏற்படும் எண்ணமோ, ஷ்லிட்ஸ் மற்றவர்களைவிடச் சுத்தம் என்பது. அது உண்மை இல்லை. பொய்யே சொல்லாமல் ஒரு பொய்யை வாசகர் தலைக்குள் கட்டி எழுப்ப முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. கூப்பன் இதைப் பிடிக்காது. விற்றதா என்று மட்டும்தான் அது பார்க்கும்.

ஹக்ஸ்லிக்கும் இது பின்னால் உறைத்தது. 1958இல், அதாவது ஓகில்வியின் ரோல்ஸ் ராய்ஸ் விளம்பரம் வந்த அதே வருஷம், 'பிரேவ் நியூ வேர்ல்ட் ரீவிசிட்டட்' எழுதினார். அதில் விற்பனைக் கலைக்கென்றே ஒரு அத்தியாயம். இப்போது குரலில் கிண்டல் இல்லை, கவலை இருக்கிறது. மக்களின் ஏதாவது ஓர் ஆசையையோ பயத்தையோ கண்டுபிடி, அங்கிருந்து உன் பொருளுக்கு ஒரு பாலம் போடு, இதுதான் வித்தை என்று விளக்குகிறார். முகப் பூச்சு விற்பவன் கொழுப்பை விற்கவில்லை, நம்பிக்கையை விற்கிறான் என்கிற ரீதியில் போகிறது. 1923இல் கடினமான இலக்கிய வடிவம் என்று வியந்தவர், 35 வருஷம் கழித்து அந்தத் திறமை யாருக்கு எதிராகப் பயன்படுகிறது என்று கேட்கிறார். முதல் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டாவதைக் காட்டுவதே இல்லை.

நன்றாக எழுதுவது கடினம் என்றால், எதற்கு நன்றாக என்ற கேள்வியும் கூடவே வரவேண்டும்.

'அனுபவியுங்கள்!'

தமிழுக்கு வருவோம். தமிழ் விளம்பரத்தில் வேலை செய்த வாக்கியம் ஒன்று சொல்லுங்கள் என்றால், நாற்பதைத் தாண்டிய பலருக்கும் நரசுஸ் காப்பியின் 'பேஷ் பேஷ், ரொம்ப நன்னாருக்கு' ஞாபகம் வரும். இதில் ஓகில்வி சொல்கிற மாதிரி தகவல் எதுவும் இல்லை. 60 மைலும் இல்லை, 4,000 அடியும் இல்லை. முதல் மடக்கு தொண்டையில் இறங்கியதும் ஒருவர் வாயிலிருந்து தானாக வரும் சத்தம் அது, அவ்வளவுதான். ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தின், ஒரு குறிப்பிட்ட வீட்டின் பேச்சு. ஆனால் தமிழ்நாடு முழுக்க எல்லோரும் அதைச் சொல்லிப் பார்த்தார்கள். எழுதியவருக்கு விஷயம் தெரிந்ததோ இல்லையோ, காது இருந்திருக்கிறது. இங்கிலீஷில் யோசித்து அப்புறம் தமிழாக்கி இந்த வாக்கியத்துக்கு வந்து சேரவே முடியாது.

இப்போது நாம் கேட்கும் விளம்பரத் தமிழ் பெரும்பாலும் அந்த வழியில்தான் வருகிறது. முன்பு இங்கிலீஷிலிருந்து, இப்போது இந்தியிலிருந்தும். 1982இல் ஓகில்வியின் இந்தியக் கிளையில் சேர்ந்த பியூஷ் பாண்டே போன்றவர்கள் இந்தியிலேயே யோசித்து எழுத ஆரம்பித்ததும், இந்தி விளம்பரங்களுக்கு உயிர் வந்தது. தமிழுக்கு வந்தது அதன் டப்பிங். 30 நொடிக்குள், ஏற்கெனவே இந்தியில் அசைந்த வாய்க்குப் பொருந்தும்படி எழுத வேண்டும். எழுதுகிறவர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. வெண்பாவைவிட இறுக்கமான கட்டு அது.

ஆனாலும் சிலது பொறுக்க முடியவில்லை. 'புத்துணர்ச்சியை அனுபவியுங்கள்!' என்கிற வகை வாக்கியம். இங்கிலீஷில் அந்த வினைச்சொல் இனிமையானது. தமிழில் ஒருவரைப் பார்த்து 'அனுபவி' என்று எப்போது சொல்கிறோம்? "அப்பவே சொன்னேன், கேட்டியா? இப்ப அனுபவி!" என்று. நல்ல அர்த்தத்திலும் வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுப் பேச்சில் ஏவலாக வரும்போது முக்கால்வாசி நேரம் பின்னால் ஒரு வசவு நிற்கும். அகராதி இதைச் சொல்லாது, அம்மா சொல்லுவார். சோப்பு விளம்பரத்தில் இப்படி வந்தால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத இடங்களும் இருக்கின்றன.

கம்பைலரும் இல்லை, டெஸ்ட்டும் இல்லை

கவிதைக்குக் கம்பைலர் உண்டு, விளம்பரத்துக்கு டெஸ்ட் உண்டு. இரண்டும் இல்லாத ஒரு பெரிய எழுத்து வகை இருக்கிறது. அறிவிப்புகள், படிவங்கள், மருந்துத் தாள்கள், செயலிகளின் பிழைச் செய்திகள், வங்கி எச்சரிக்கைகள். இவற்றை யாரும் எழுத்தாகவே மதிப்பதில்லை. கூப்பன் எண்ணுவதில்லை. விமர்சனம் எழுதுவதில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் ஒரு நாளில் படிக்கும் தமிழில் பாதி இதுதான்.

தமிழில் வரும் எச்சரிக்கைகளில் நான் அடிக்கடி பார்க்கும் வாக்கியம் ஒன்று: 'உங்கள் ஓடிபியை யாருடனும் பகிர வேண்டாம்.' இலக்கணப்படி ஒரு குற்றமும் இல்லை. கம்பைல் ஆகிவிடும். எங்கள் பெரியம்மாவுக்கு வயது 70க்கு மேல். இந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டி, என்ன புரிகிறது என்று கேட்டேன். "நான் யாருக்கும் அனுப்ப மாட்டேன்பா, எனக்கு அனுப்பவே தெரியாதே" என்றார்.

அவர் பதிலை அலசிப் பாருங்கள். தமிழில் பகிர்தல் என்றால் பங்கு போடுவது. சொத்தைப் பகிர்ந்தார்கள், சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டார்கள். இங்கிலீஷ் சொல்லுக்குப் பங்கு போடுவது, தெரிவிப்பது என்று இரண்டு அர்த்தமும் உண்டு. நாம் ஒரு அர்த்தத்துக்கான சொல்லை எடுத்து இரண்டாவதற்கும் ஒட்டிவிட்டோம். அப்புறம் கைபேசி வந்தது. செயலிகளில் 'பகிர்' என்ற பொத்தான் வந்தது. பெரியம்மா தலைமுறைக்குப் பகிர்வது என்றால் இப்போது வாட்ஸ்அப்பில் யாருக்காவது தள்ளிவிடுவது. திருடன் போன் பண்ணும்போது பகிரச் சொல்வதில்லை. "அம்மா, பேங்க்ல இருந்து பேசறோம், இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க, அதைக் கொஞ்சம் சொல்லுங்க" என்கிறான். அவர் சொல்கிறார். தன் அளவில் அவர் எதையும் பகிரவில்லை.

திருடன் பேச்சுத் தமிழில் பேசுகிறான், எச்சரிக்கை மொழிபெயர்ப்புத் தமிழில் பேசுகிறது. யாருடைய வாக்கியம் ஜெயிக்கும்? திருடனிடம் டெஸ்ட் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். எந்த வசனம் பலித்தது, எது பலிக்கவில்லை என்று அவனுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். ஹாப்கின்ஸின் நேர் வாரிசு அவன்தான். எச்சரிக்கை எழுதியவருக்கு அது ஒருபோதும் தெரியவராது.

பிழைச் செய்திகளும் இதே கதைதான். பணம் அனுப்பும்போது நடுவில் திரை நின்று, 'எதிர்பாராத பிழை ஏற்பட்டுள்ளது' என்று வருகிறது. பார்ப்பவருக்கு அந்த நொடியில் வேண்டியது ஒரே விஷயம்: என் பணம் போச்சா, இல்லையா? 'உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்படவில்லை, மறுபடி அனுப்பலாம்' என்று எழுத எந்த மேதைமையும் தேவையில்லை. பிறகு ஏன் எழுதுவதில்லை? இந்தத் துறையில் இருபது வருஷம் இருந்த அளவில் சொல்கிறேன், பெரும்பாலும் மொழித் திறமை இல்லாததால் அல்ல. அந்தக் கட்டத்தில் பணம் எடுக்கப்பட்டதா என்பது அந்த நிரலுக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும்படி நிரலை மாற்றினால்தான் அந்த வாக்கியத்தை எழுத முடியும். வாக்கியம் மழுப்பலாக இருப்பதற்குக் காரணம் அதற்குப் பின்னால் இருக்கும் அமைப்பு மழுப்பலாக இருப்பது. ஓகில்வி மூன்று வாரம் உட்கார்ந்து படித்ததும், இங்கே ஒருவர் மூன்று நாள் நிரலைத் தோண்டுவதும் ஒரே வேலைதான். யாரும் அதை எழுத்து வேலை என்று கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, அதற்கு நேரம் கொடுப்பதும் இல்லை.

ஹக்ஸ்லியின் பட்டியலை நான் திருத்தி எழுதினால், ஆகக் கடினமான வடிவம் என்ற இடத்தை விளம்பரத்துக்குக் கொடுக்க மாட்டேன். விளம்பரக்காரனுக்குப் பணம் இருக்கிறது, கால அவகாசம் இருக்கிறது, தோற்றால் உடனே தெரிகிறது. எச்சரிக்கை எழுதுகிறவருக்கு இது எதுவுமே இல்லை. தப்பாகப் போனால் நஷ்டம் மட்டும் வேறொருவர் தலையில்.

70 இடம்

கடைசியாக ஒரு தொழில்நுட்பச் சங்கதி. இங்கிலீஷ் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து வரை போகும். தமிழில் அனுப்பினால் யூனிகோடு குறியீட்டுக்கு மாற வேண்டும், அப்போது 70 இடம்தான். அதிலும் நாம் ஓர் எழுத்து என்று நினைப்பது அங்கே ஓர் இடம் இல்லை. 'கி' என்றால் க ஒன்று, அதன் கொக்கி ஒன்று, ஆக இரண்டு இடம். புள்ளி வைத்த மெய்யெழுத்தும் இரண்டு. 70ஐத் தாண்டினால் செய்தி இரண்டாகப் பிரியும், அனுப்புகிறவருக்குச் செலவும் இரட்டிப்பாகும். லட்சக்கணக்கில் அனுப்புகிற நிறுவனம் இதைப் பார்க்காமல் இருக்காது.

அந்த 70க்குள் முயன்று பார்த்தேன்:

'ஓடிபி 482913. பேங்கில் இருந்து கேட்டாலும் இந்த எண்ணைச் சொல்லாதீர்கள்.'

எண்ணிப் பாருங்கள், இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 69 வருகிறது. பகிர் இல்லை. திருடன் பயன்படுத்தும் அதே வினைச்சொல், 'சொல்', இதில் இருக்கிறது. அவன் எப்படி வருவான் என்பதும் இருக்கிறது. பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ஏன், பேங்க்காரங்களே கேட்டாக்கூடச் சொல்லக் கூடாதா?" என்று திருப்பிக் கேட்டார். கேள்வி சரியான இடத்தில் வந்து விழுந்திருக்கிறது.

ஆனால் இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. எவ்வளவு தொகைக்கான எண் இது என்று சொல்ல இடம் இல்லை, எந்த வங்கி என்று சொல்லவும் இடம் இல்லை. அவையும் முக்கியம். தொகையைப் பார்த்துச் சுதாரித்துக்கொள்கிறவர்களும் இருப்பார்கள். அவற்றைச் சேர்த்தால் 70 தாண்டிவிடும். சேர்க்காமல் விட்டால் வாக்கியம் பாதி வேலைதான் செய்கிறது. மிச்சம் இருப்பது ஒரே ஓர் இடம். வெண்பா எழுதப் பழகியவர்கள் யாராவது இதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.